பிறை பெரிதாகத் தெரிந்தால் அது நேற்றைய பிறையா?

ரமலான் 29 அன்று மஃரிப் நேரத்தில் மொட்டைமாடியில் ஏறிப் பார்க்கிறோம், பிறை தெரிவதில்லை. 30 நோன்பையும் முடித்து மறுநாள் மாலை பார்த்தால், நல்ல தடிமனாக, உயரத்தில் நிற்கிறது. "இவ்வளவு பெரிய பிறையா? அப்படியானால் பெருநாளன்று நோன்பு வைத்துவிட்டோமோ?" என்ற கவலை வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கும் அறிவியலைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை. அதன் ஒரு பாதி மீது சூரிய ஒளி எப்போதும் படுகிறது. பூமியின் நிழல் விழுவதால்தான் சந்திரன் தேய்கிறது என்று பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். அது தவறு; அந்த நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, கையில் ஒரு பந்தை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பந்து விளக்கின் திசையிலேயே இருந்தால் அதன் இருண்ட பக்கம்தான் நம்மை நோக்கி இருக்கும். பந்தோடு மெதுவாக இடப்பக்கம் திரும்பினால், வலது ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீற்று தோன்றும். அதுதான் பிறை.

சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் வருவதைச் சங்கமம் என்கிறோம். ஒரு சங்கமத்திலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆகிறது. மாதம் 29 அல்லது 30 ஆக அமைவது இதனால்தான்.

சங்கமத்திற்குப் பின் சந்திரன் சூரியனை விட்டு மணிக்குச் சுமார் அரை டிகிரி விலகுகிறது. இது வானில் நாம் காணும் முழுநிலவின் அகலம். இந்த விலகல் ஏறத்தாழ 7 டிகிரியை எட்டாதவரை பிறை கண்ணுக்குத் தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன் 1930களில் கணித்தார். அந்த 7 டிகிரிக்கே சுமார் 14 மணி நேரம் வேண்டும். அந்தி வெளிச்சத்தை மீறி வெறும் கண்ணுக்குத் தெரிய, பெரும்பாலும் இன்னும் கூடுதல் விலகல் தேவை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 29ஆம் நாள் காலை 6 மணிக்குச் சங்கமம் நடந்தால், மாலை 6.30க்குப் பிறையின் வயது பன்னிரண்டரை மணி நேரம்தான், அன்று தெரியாது. மறுநாள் மாலை வயது முப்பத்தாறரை மணி நேரம். இடையில் பிறை பார்க்க வேறொரு மாலை இல்லை. ஆகவே தடித்து உயர்ந்து நின்றாலும், கண்ணால் காணக்கூடிய முதல் பிறை அதுவே.

உண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. சங்கமம் நிகழும்போதுதான் சூரிய கிரகணம் வரும். அன்றைய சங்கமம் இந்திய நேரப்படி இரவு 11.51 மணிக்கு. மறுநாள் சென்னையில் சூரியன் மறைந்தபோது பிறைக்கு வயது சுமார் பதினெட்டரை மணி நேரம். மக்காவில் சூரியன் மறைய மேலும் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பிறை இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் விலகிவிட்டது. மேற்கே போகப் போக வாய்ப்பு கூடுவது இப்படித்தான். அத்தகைய ஒரு மாலையில் நம் ஊர் வானத்தை மேகம் மூடிவிட்டால், அடுத்த மாலை நாம் காண்பது 42 மணி நேரத்தைத் தாண்டிய பிறையாக இருக்கும்.

எந்த ஊர்ப் பிறையை ஏற்பது என்பது மார்க்கச் சட்டம் சார்ந்த கேள்வி. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. அடுத்த மாதம் சங்கம நேரத்தைக் கேட்டறிந்து, 29ஆம் நாள் மாலை பிறைக்கு எத்தனை மணி வயது என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு அவர்களை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.