திரையில் நிலம், பதிவேட்டில் நிலம்: 'நந்தனார்' முதல் 'அசுரன்' வரை

பஞ்சமி நிலம் என்ற சொல்லை இன்றைய கல்லூரி மாணவர்களில் பலர் 2019 அக்டோபரில் வெளியான 'அசுரன்' வழியாகவே முதலில் அறிந்தனர். அந்தச் சொல்லுக்குரிய ஆவணம் உருவானதோ எங்கள் மாவட்டத்தில். செய்யூர், மதுராந்தகம், மாமல்லபுரம் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையே அதன் தொடக்கம். அறிக்கைக்கும் திரைப்படத்துக்கும் இடையே 128 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் தமிழ்த் திரை நிலத்தை எவ்வாறு காட்டியது, எதை மறைத்தது என்பதைச் சட்டத்தின் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் ஆவணம். செங்கல்பட்டு மிராசு முறை வலுவாக வேரூன்றியிருந்த மாவட்டம். தரிசு நிலத்துக்குப் பறையர் ஒருவர் தர்க்காஸ்து கொடுத்தால், முன்னுரிமை மிராசுதாரருக்கே. குடியிருக்கும் மனையிலிருந்தே வெளியேற்றிவிடுவோம் என்ற அச்சுறுத்தல் ஒருபுறம், கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைத்துவைக்கும் முறை மறுபுறம். இவற்றைத் திரமென்ஹீர் பதிவுசெய்தார். செங்கல்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ போன்றோரும் இதற்காக அரசை வற்புறுத்தினர். அதே காலத்தில்தான் மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழை 1893இல் தொடங்கினார். ஆகவே, இதை வெள்ளை அதிகாரி ஒருவரின் கருணையாக மட்டும் சுருக்குவது வரலாற்றுப் பிழை. 30.9.1892 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை 1010/10ஏ நிலம் ஒதுக்க வழிசெய்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, தானமளிக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவ்வாறு ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நில உரிமை இயக்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் கணக்கு.

இனித் திரைக்கு வருவோம். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். பண்ணையில் அடிமைப்பட்ட உழவர் சிதம்பரம் செல்ல அனுமதி கேட்கிறார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் அறுவடை செய்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். அற்புதம் நிகழ்கிறது. வேதியர் பெரியபுராணத்தில் இல்லாதவர். கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்த பாத்திரம். நிலவுடைமையாளர் இல்லாமல் அக்கதையை நம்பும்படி சொல்ல முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். ஆனால் திரையில் சிக்கல் கோயில் வாசலோடு முடிகிறது. அற்புதத்தால் அறுவடையான நெல் யார் களஞ்சியத்துக்குப் போயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

விடுதலைக்குப் பிந்தைய படங்களில் அந்த வேதியர் 'பண்ணையார்' ஆனார், நந்தன் 'ஏழை' ஆனார். சாதி வர்க்கமாக மொழிபெயர்க்கப்பட்டது. ஏழையின் கண்ணீரைத் துடைக்க நாயகன் வந்தான். அவ்வேழைக்குச் சேரியும் இல்லை, பறிபோன பட்டாவும் இல்லை. தொண்ணூறுகளில் பண்ணையாரே நாயகனாகித் திரும்பி வந்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 'டவுன்டன் அபே' (2010–2015) தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி விளங்கும். மேல்தளத்தில் பிரபு குடும்பம், கீழ்த்தளத்தில் வேலையாட்கள், இடையே பிரபுவின் பரிவு. அத்தனை பெரிய பண்ணை அவர்களுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி மாளிகையின் அழகில் மறைந்துவிடுகிறது. 'சின்னக் கவுண்டர்' (1992), 'நாட்டாமை' (1994) ஆகியவற்றில் மாளிகைக்குப் பதில் ஆலமரமும் சொம்பும்.

அந்த 1994ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் தலித் மக்கள் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடத்தினர். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினர். சிலை அகற்றப்பட்டது. நீதி கேட்டு அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். அடுத்த சில வாரங்களில், அவ்வாண்டுத் தீபாவளிக்கு, 'நாட்டாமை' வெளியாகி மாபெரும் வெற்றி பெற்றது. நிலவுடைமையாளரே நீதிபதியாக அமர்ந்து 18 ஆண்டுகளுக்கு ஊர்விலக்கு விதிக்கும் காட்சிக்குத் திரையரங்குகள் கைதட்டின. பட்டியல் சாதியினர்மீது சமூகப் புறக்கணிப்பு விதிப்பது இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். திரையில் அது பண்பாடு.

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018) தாராவியை முன்வைத்து, நிலத்தை உரிமையாகப் பேசியது. அவருடைய 'தங்கலான்' (2024) பிரிட்டிஷ் காலத்து வட ஆற்காட்டில் உழவர் ஒருவர் தம் நிலத்தை இழப்பதிலிருந்து தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் வந்த 'அசுரன்' சட்டப் பெயரையே உச்சரித்தது. பஞ்சமி நில மீட்புக் கூட்டம், அதற்குத் துணைநிற்கும் வழக்கறிஞர், பின்னர் கொளுத்தப்படும் குடிசைகள். வெண்மணியில் 1968இல் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரை நினைக்காமல் அக்காட்சியைக் கடக்க முடியாது. இவ்வளவு துணிந்த படத்தின் இறுதியில் சிவசாமி மகனுக்குக் கூறும் அறிவுரைதான் மாணவர் கூட்டங்களில் இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகிறது: நிலத்தையும் பணத்தையும் பறித்துக்கொள்வார்கள், படிப்பைப் பறிக்க முடியாது என்பதே அதன் சாரம். தந்தையின் பட்டறிவாக அதை மதிக்கிறோம். வழக்கறிஞர்களாக அதன் முதல் பாதியை ஏற்க எங்களால் இயலவில்லை. பறிப்பவர்கள் பறிப்பார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் 1892 அரசாணை வெறும் காகிதம்.

படத்தை ஒட்டி எழுந்த விவாதமும் வேறு திசையில் சென்றது. சென்னையில் ஒரு கட்சி நாளேட்டின் அலுவலக மனை பஞ்சமி நிலமா என்ற குற்றச்சாட்டும் மறுப்பும் பல வாரங்கள் நீடித்தன. தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் வரை சென்றன. அந்தக் கேள்வி விசாரிக்கத் தக்கதே. ஆனால் ஒரு மனையைப் பற்றிய சச்சரவில் 12 லட்சம் ஏக்கர் காணாமல் போயிற்று. 1966 நவம்பரில் கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' பிபிசியில் ஒளிபரப்பான நேரத்தை இங்கு ஒப்பிடலாம். வீடிழந்த குடும்பத்தின் கதை அது. முன்பே திட்டமிடப்பட்டிருந்த 'ஷெல்டர்' என்ற வீடற்றோர் அமைப்பு இரண்டே வாரங்களில் தொடங்கப்பட்டபோது, கொதித்திருந்த பார்வையாளர்களுக்குச் சேர ஓர் இடம் இருந்தது. நம் கொதிப்புக்கு அத்தகைய இடம் இருக்கவில்லை.

இன்று செய்யூர் மண்ணைத் தொலைக்காட்சியில் பார்க்க விரும்பினால், வீட்டுமனை விளம்பரங்களே கைகொடுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் பசுமை, கல் நட்ட மனைகள், சின்னத்திரை நடிகர்களின் புன்னகை. அங்கே ஒருகாலத்தில் ஏர் பிடித்தவர் எவரும் சட்டகத்துக்குள் வருவதில்லை.

அவர்களைத் தேட வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகம். எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். நிலப் பதிவு மேம்பாட்டுக்குப் பின், பல ஊர்களில் நிபந்தனைக் குறிப்பு புதிய பட்டாவில் ஏறவில்லை. ஆகையால் இன்றைய இணையப் பட்டாவை மட்டும் வைத்து முடிவுக்கு வரலாகாது. அதற்கு முந்தைய அ-பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற வேண்டும். குறிப்புக் கலத்தில் 'டி.சி.' அல்லது நிபந்தனை ஒப்படை என்ற சொல் உள்ளதா எனப் பார்த்தபின், சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்றோடு சர்வே எண்ணை ஒப்பிட வேண்டும். கைமாற்றம் தலித் அல்லாதவருக்கு எனத் தெரிந்தால், நிபந்தனை மீறலுக்காக நிலத்தை மீட்குமாறு வருவாய்த் துறைக்கு மனு அளிக்கலாம். மிரட்டியோ போலி ஆவணம் புனைந்தோ பறித்திருந்தால், 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவை குற்றவியல் நடவடிக்கைக்கும் இடமளிக்கின்றன.

'அசுரன்' பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்த மாணவர்களிடம் நாங்கள் முதலில் கேட்டது, தாத்தாவின் பெயரும் ஊரின் பழைய சர்வே எண்ணும்தான். பெயரை எல்லோரும் சொன்னார்கள். எண்ணைத் தேடி வீட்டுப் பெட்டியைத் திறந்த சிலர், மடிப்பில் கிழிந்த கிஸ்து ரசீதுகளோடு மீண்டும் வந்தார்கள்.