கொள்ளைநோய்க் காலத்தில் விழாவும் அன்றாட வாழ்வும்: பம்பாய், பூனா (1896–1898)

முன்னுரை

விழாவைச் சமயம் சார்ந்தது என்றும், கடைக்கும் வேலைக்கும் செல்வதை உலகியல் சார்ந்தது என்றும் பிரித்து நோக்குவது ஆட்சியாளர் வழக்கம். மக்கள் வாழ்வில் இவை அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. நோன்பு தொடங்கினால் அதற்குரிய பண்டம் வாங்க வேண்டும். விழா வந்தால் சொந்த ஊருக்குத் தொடர்வண்டி ஏற வேண்டும். 1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் பரவியபோது அரசு இவ்விரண்டின்மீதும் கட்டுப்பாடு விதித்தது. அவற்றுள் மக்கள் எவற்றைப் பொறுத்துக்கொண்டனர், எவற்றை எதிர்த்தனர், அதற்குக் காரணம் யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் தோற்றமும் நகரின் நிலையும்

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்டவி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் இந்நோயை இனங்கண்டார். மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த வணிகப் பகுதி. 1891 கணக்கெடுப்பின்படி எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பம்பாயிலிருந்து, 1897 தொடக்கத்திற்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேறிவிட்டனர். ஆலைகளில் ஆள் பற்றாக்குறை மிகுந்தது. தெருமுனைகளில் நின்று, கூடுதல் கூலி கூறி, அன்றன்றே பணம் கொடுத்துத் தொழிலாளரை அழைக்கும் நிலைக்கு ஆலை உரிமையாளர்கள் தள்ளப்பட்டனர். நோய்க்கு அஞ்சி நகரை விட்டோரும், கூலிக்காக நகரில் தங்கியோரும் ஒரே தெருவினராகவே இருந்தனர்.

அக்டோபரில் மாநகராட்சி, நோயுற்றோரைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஆணையிட்டது. அம்மாதத்திலேயே ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். துப்புரவுத் தொழிலாளரும் நகரை நீங்கிவிடுவரோ என்னும் அச்சம் ஆணையாளருக்கு இருந்தது. அவர்கள் நீங்கின் நகர வாழ்வே நின்றுபோகும். எனவே நவம்பர் முதல் வாரத்தில் தீபாவளி வருமுன்னரே ஆணையின் கடுமை தளர்த்தப்பட்டது.

சட்டமும் சமய நாட்காட்டியும்

1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகளைக் கொண்ட இச்சட்டம், தொடர்வண்டிப் பயணிகளைச் சோதிக்கவும், நோய் ஐயமுடையோரைப் பிரித்துவைக்கவும், ஆணையை மீறுவோரைத் தண்டிக்கவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. இஸ்லாமிய நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்ப்பின், அதே வாரத்தில் ரமலான் நோன்பு தொடங்கியமை புலனாகும். சட்டம் இயற்றியோர் இவ்வொற்றுமையைக் கருதினர் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் நோன்பாளியின் கடைத்தெருவும் பயணமும் நோன்பின் முதல் நாட்களிலிருந்தே இச்சட்டத்தின் கீழ் வந்துவிட்டன.

அவ்வாண்டு இந்தியாவிலிருந்து ஹஜ் பயணம் நிறுத்தப்பட்டது. பிளேக் குறித்து வெனிசில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் அழுத்தமும், இந்தியச் சரக்குக்கு அயல்நாட்டுத் துறைமுகங்கள் மூடப்பட்டுவிடும் என்னும் அச்சமும் இதற்குக் காரணங்களாயின. வணிகம் நிற்காதிருக்கும் பொருட்டு யாத்திரை நிறுத்தப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உள்நாட்டிலும் பெருங்கூட்டம் கூடும் சந்தைகளுக்கும் யாத்திரைகளுக்கும் தடைகள் விதிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில், நோயுள்ள இடங்களிலிருந்து வருவோருக்குப் பிளேக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர் பத்து நாட்கள் அலுவலர்முன் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். திருமணத்திற்குச் சென்றாலும் வணிகத்திற்குச் சென்றாலும் விதி ஒன்றே.

எதிர்ப்பு எழுந்த இடம்

ஹஜ் தடை முஸ்லிம்களிடையே வருத்தத்தை விளைவித்தது. எனினும் பம்பாயிலும் பூனாவிலும் வன்முறை வெடித்த இடங்கள் வேறு. பூனாவில் டபிள்யூ. சி. ராண்டு தலைமையிலான பிளேக் குழு, 1897 மார்ச்சு நடுவில் படைவீரரைக் கொண்டு வீடுவீடாகச் சோதனையைத் தொடங்கியது. அவ்வாண்டு ஹோலிப் பண்டிகையும் மார்ச்சு நடுவிலேயே வந்தது. வீரர்கள் சமையலறையிலும் பூசையறையிலும் புகுந்தனர் என்னும் குறை இதழ்களில் எழுந்தது. விழாவைக் கூடிக் கொண்டாடாதிருக்க மக்களால் இயலும். விழா நிகழும் வீட்டின் உட்பகுதியே அயலார் கையில் சிக்குவதை அவர்களால் பொறுக்க இயலவில்லை. சூன் 22ஆம் நாள், விக்டோரியா அரசியின் வைரவிழா இரவில் ராண்டு சுடப்பட்டார். சூலை 3இல் இறந்தார்.

1898 மார்ச்சு 9 அன்று பம்பாய் மதன்புராவில், நோயுற்றவள் எனக் கருதப்பட்ட ஜுலாஹா நெசவாளர் குலச் சிறுமியைச் சோதனையாளர் கொண்டுசெல்ல முயன்றபோது கலவரம் மூண்டது. தொடர்வண்டி நிலையங்களில் ஆண் மருத்துவர் பெண்களின் அக்குளையும் தொடையிடுக்கையும் சோதித்ததும் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. ஆக, விழா நிறுத்தத்தினும் வீடு, உடல், பயணம் ஆகியவற்றில் நேர்ந்த ஊடுருவலே வெறுப்பைப் பெருக்கியது எனலாம்.

அறிவியல் நோக்கில் தடைகள்

இந்நோயின் கிருமியை 1894இல் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஆயினும் எலியிலிருந்து மனிதர்க்கு அதனைக் கொண்டுசெல்வது எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே என்பதைப் பால் லூயி சைமாண்டு 1898இல்தான் கராச்சியில் கண்டார். அக்கருத்து ஏற்கப்பட மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை அரசு மனித உடலையே நோயின் ஊர்தியாகக் கருதிற்று. நெறிகட்டும் வகைப் பிளேக் பெரும்பாலும் எலிகள் மிகுந்த கிடங்குகளையும் குடியிருப்புகளையும் பற்றியே பரவியது. கூட்டத்தைக் கலைத்ததால் விளைந்த பயன், கருதப்பட்டதினும் குறைவே. வழிபடச் சென்றவரைவிடத் தானியக் கிடங்கில் மூட்டை சுமந்தவரே மிகுதியான இடருக்கு ஆளாயினர் என்பது பின்னாளைய அறிவால் தெளிவாகிறது. பயணியரோடும் மூட்டைகளோடும் தெள்ளு இடம்பெயரக்கூடும் என்பதால், பயணக் கட்டுப்பாடு முற்றிலும் பொருளற்றது எனவும் கூறவியலாது.

சமூகத்தின் வழி வந்த உதவி

கட்டாயம் தோற்ற இடத்தில் இணக்கம் ஓரளவு வென்றது. பம்பாயில் பல சமூகத்தார் தத்தமக்கென மருத்துவமனைகள் அமைத்தனர்; பூனாவில் இந்து பிளேக் மருத்துவமனை ஏற்படத் திலகர் துணைநின்றார். உணவும் தீண்டலும் பற்றிய அச்சம் அங்குக் குறைந்தது. சாதிப் பிரிவினை அங்கும் தொடர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஹாஃப்கின் உருவாக்கிய தடுப்பூசியை ஆகாகான் மக்கள்முன் தாமே போட்டுக்கொண்டு கோஜா சமூகத்தாரின் தயக்கத்தைப் போக்கினார். சாதியெல்லை கடந்து நோயாளரைப் பேணிய சாவித்திரிபாய் பூலே, அந்நோய்க்கே ஆட்பட்டு 1897 மார்ச்சு 10 அன்று மறைந்தார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மக்கள் விழாவைக் கைவிட மறுத்தமையே நோய்த்தடுப்பிற்குத் தடையாயிற்று என்னும் கருத்து பொருந்தாது என்பது பெறப்படும். காரணம் கூறி, தம்மவர் வழியாகக் கேட்டபோது அவர்கள் இசைந்தனர். ஆயுதம் தாங்கி வாயிலில் நின்றபோது எதிர்த்தனர். 1897ஆம் ஆண்டுச் சட்டம் 2020 மார்ச்சில் கொரோனா தொற்றின்போது மீண்டும் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டு பண்டரிபுர யாத்திரையில் ஞானேசுவரர், துக்காராம் ஆகியோரின் பாதுகைகள் நடைப்பயணமின்றிப் பேருந்தில் கொண்டுசெல்லப்பட்டன. மும்பை லால்பாக்கின் புகழ்பெற்ற கணபதி விழாவிற்கு மாற்றாகக் குருதிக்கொடை முகாம் நடைபெற்றது. விழா அழியவில்லை, வடிவம் மாறியது. அம்மாற்றத்தை விழாவுக்குரியவர்களே வகுக்குமாறு விடுவதே, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பம்பாய், பூனா நிகழ்வுகள் ஆட்சியாளர்க்கு உணர்த்தும் படிப்பினை ஆகும்.