இவ்ரேயா நகரத்து மாணவனும் ஒரு நீலப் பலகையும்

பத்திரிகைத் தொழிலில் என் தலைமுறையினருக்கு ஒலிவெட்டி என்பது ஒரு தட்டச்சுப் பொறியின் பெயர். 1908இல் கமிலோ ஒலிவெட்டி அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஊர், வட இத்தாலியில் டோரா பல்தேயா ஆற்றங்கரையில் அமைந்துள்ள இவ்ரேயா என்னும் சிறு நகரம். தட்டச்சுப் பொறியில் தொடங்கிய அந்த நிறுவனம் 1965இல் 'புரோகிராம்மா 101' என்ற, மேசைமீது வைத்துச் செய்நிரல் எழுதக்கூடிய கணிப்பானை நியூயோர்க்கில் காட்சிக்கு வைத்து உலகை வியக்கவைத்தது. பின்னர் அதன் புகழ் மங்கியது. 2018இல் யுனெஸ்கோ இவ்ரேயாவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டபோது, அது இருபதாம் நூற்றாண்டின் தொழில் நகரம் என்றே குறிப்பிடப்பட்டது.

ஆனால் இந்த நூற்றாண்டிலும் அந்த ஊரிலிருந்து ஒரு பொருள் புறப்பட்டது. இலத்திரனியலின் அரிச்சுவடியைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் உலகின் பல நாடுகளிலும் கையில் எடுக்கும் 'ஆர்டுயினோ' என்ற நீலநிறப் பலகைதான் அது. ஒலிவெட்டியின் தொழிற்சாலையில் அல்ல, ஒரு வகுப்பறையில் அது பிறந்தது. அதன் பிறப்பில் ஒரு மாணவனுக்கு இருந்த பங்கு உரியவாறு சொல்லப்படவில்லை என்பது என் எண்ணம். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

நுண்கட்டுப்படுத்தி என்பது செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்கள் ஆகிய அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கிய ஒரு சிறு கணினி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 என்ற சில்லு 1974இல் சந்தைக்கு வந்தது. இன்ரெலின் 8048 இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. சலவை இயந்திரத்திலும் விளையாட்டுப் பொருளிலும் இத்தகைய சில்லுகள் புகுந்துவிட்டபோதும், அவற்றுக்குச் செய்நிரல் எழுதுவது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய கலையாக நெடுங்காலம் இருந்தது. அக்காலத்துச் சில்லுகள் பலவற்றில், எழுதியதை அழிப்பதற்குச் சில்லின் முதுகிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தின் வழியே புறஊதா ஒளியைப் பாய்ச்சிப் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு பிழைக்கு இத்தனை நேரம் என்றால், பிழைவிட்டுப் பழகவேண்டிய மாணவன் எப்படிப் படிப்பான்?

2001இல் ஒலிவெட்டியும் டெலிகொம் இத்தாலியாவும் சேர்ந்து இவ்ரேயாவில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தைத் தொடங்கின. மனிதரும் இயந்திரமும் ஒன்றோடொன்று உறவாடும் விதத்தை வடிவமைப்பதே அங்கு பாடம். வந்துசேர்ந்தவர்களிற் பலர் வரைகலையும் கட்டடக்கலையும் படித்தவர்கள். மின்சுற்றோடு அவர்களுக்குப் பரிச்சயம் இல்லை. அவர்களுக்கு இலத்திரனியல் கற்பிக்கும் பொறுப்பு மாசிமோ பன்சி என்ற இத்தாலிய ஆசிரியருக்கு. அப்போது கைக்கெட்டியது 'பேசிக் ஸ்டாம்ப்' என்ற அமெரிக்கப் பலகை. அதன் விலை 50 டொலருக்குக் குறையாது. வலுவும் போதவில்லை. வடிவமைப்பாளர் விரும்பிப் பாவித்த மக்கின்ரொஷ் கணினிகளோடும் அது எளிதில் ஒத்துப்போகவில்லை.

இந்த இடத்திலேதான் கொலம்பிய நாட்டு மாணவர் ஹெர்னாண்டோ பர்ரகான் வருகிறார். அதே கல்விக்கூடத்தில் கற்பித்த கேசி றீஸ், 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்தில் பென் ஃபிறையுடன் சேர்ந்து 'புறொசெசிங்' என்ற எளிய செய்நிரல் மொழியை ஆக்கியவர். ஓவியர்களும் கணினித் திரையில் கோலம் போடலாம் என்பதற்காக ஆக்கப்பட்ட மொழி அது. திரைக்குச் செய்ததை ஏன் மின்சுற்றுக்கும் செய்யக்கூடாது என்பதே பர்ரகானின் கேள்வி. பன்சியும் றீஸும் மேற்பார்வை செய்ய, 2003இல் தொடங்கி 2004இல் அவர் முடித்த முதுமாணி ஆய்வின் பெயர் 'வயரிங்'. ஒரு பலகை, அதற்குச் செய்நிரல் எழுதும் மென்பொருள், எழுதுவதற்கான எளிய கட்டளைகள் ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

அதன் பெறுமதியை உணர, ஒரு முதல்நாள் வகுப்பைக் கவனித்தாலே போதும். மாணவன் ஒரு ஒளிகாலும் இருவாயியை, அதாவது எல்.ஈ.டி. விளக்கை, பற்றாசு வைக்காமல் கம்பி செருகும் துளைப்பலகையிற் பொருத்துகிறான். பலகை கொடுப்பது 5 வோல்ற்று. சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ற்று போதும். மிகுதி 3 வோல்ற்றைத் தாங்க 220 ஓம் தடையி ஒன்றை இணைத்தால், ஏறக்குறைய 14 மில்லியம்பியர் மின்னோட்டம் பாயும். ஓமின் விதி அங்கே கரும்பலகையிலிருந்து இறங்கிக் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்து, இந்த முனை வெளியீட்டுக்கு உரியது என்று ஒரு வரி. அதை ஏற்று என்று ஒரு வரி. ஆயிரம் மில்லிசெக்கன் பொறு என்று ஒரு வரி. அணை, மீண்டும் பொறு என்று இரண்டு வரிகள். விளக்கு கண்சிமிட்டுகிறது. சில்லின் உள்ளறைப் பதிவகங்களின் பெயரையோ எண்களையோ மாணவன் அறியவேண்டியதில்லை. 'பின்மோட்', 'டிஜிற்றல்றைட்' என்ற அந்தக் கட்டளைகள் பர்ரகானின் வயரிங்கிலிருந்து வந்தவை. இன்றும் வகுப்புகளில் அவைதான் முதற்பாடம்.

2005இல் நடந்தது வேறு. வயரிங் பலகையில் இருந்த 'அட்மெகா 128' விலை கூடியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'அட்மெகா 8' மலிவானது. பன்சியும் டேவிட் குவார்த்தியெயெஸ் என்ற ஸ்பானியப் பொறியியலாளரும் டேவிட் மெலிஸ் என்ற மாணவரும் வயரிங்கின் மூலநிரலை எடுத்து, மலிவான சில்லுக்கு ஏற்பத் தனிவழியில் வளர்த்தார்கள். ரொம் ஐகோவும் பலகைகளைத் தயாரித்த ஜியன்லூக்கா மார்த்தினோவும் அந்த அணியிற் சேர்ந்தார்கள். (இந்தச் சில்லுக் குடும்பமும் மாணவர் கைவண்ணமே என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரில் அல்ஃப் எகில் பொகன், வேகார்ட் வொல்லன் என்ற இருவர் படிக்கும் காலத்தில் வரைந்த வடிவம் அது. ஏ.வி.ஆர். என்ற எழுத்துகள் அவ்விருவரின் பெயர்களைக் குறிப்பன என்று பலர் நம்புகிறார்கள். சில்லை விற்ற அட்மெல் நிறுவனமோ அவற்றுக்குத் தனிப்பொருள் இல்லை என்றே சொல்லிவந்தது.)

வெற்றுப் பலகைகள் 300 அச்சிடப்பட்டு மாணவர்களிடம் கொடுக்கப்பட்டன. செய்முறையை இணையத்தில் தேடிப் படித்து, நீங்களே உறுப்புகளைப் பொருத்தி, எதையாவது செய்துகாட்டுங்கள் என்பதே பணிப்பு. முதலில் வந்தவற்றுள் ஒன்று, கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிடப்பட்ட ஒரு துயிலெழுப்பும் கடிகாரம். இன்னும் கொஞ்சம் தூங்குவோம் என்று அதன் பொத்தானை அழுத்தினால், கடிகாரம் சற்று மேலே ஏறிக்கொள்ளும். மீண்டும் அழுத்தினால் இன்னும் மேலே. கடைசியில் எழுந்து நிற்பதைத் தவிர வழியில்லை! மின்சுற்றையே அறியாது வந்தவர்கள் இப்படி ஒரு பகிடியைச் செய்துகாட்டியதைவிடப் பாடத்தின் வெற்றிக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்போது கல்விக்கூடமே மூடப்படும் நிலையில் இருந்தது. பணம் வற்றிவிட்டது, 2005இல் அது மிலான் நகரத்து நிறுவனம் ஒன்றோடு இணைக்கப்பட்டது. கல்விக்கூடத்தோடு சேர்ந்து இந்த வேலையும் அழிந்துவிடும் என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு. எனவே வரைபடங்களையும் மூலநிரலையும் யாரும் எடுத்துச் செய்யலாம் என்று பொதுவில் விட்டார்கள். பெயரை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர், அவர்கள் மாலையிற் கூடிய மதுச்சாலையின் பெயர். மதுச்சாலைக்கோ 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடி, இரண்டே ஆண்டுகளில் ஜேர்மனிய மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் முடியைப் பறிகொடுத்த இவ்ரேயாவின் ஆர்டுயினின் பெயர். பலகை ஒன்று ஏறத்தாழ 30 டொலர். 2011ஆம் ஆண்டளவில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான பலகைகள் விற்பனையாகியிருந்தன. பிறர் செய்த பிரதிகள் இக்கணக்கிற் சேரவில்லை.

பர்ரகான் கொலம்பியாவுக்குத் திரும்பிப் பொகோட்டாவில் பல்கலைக்கழக ஆசிரியரானார். 2016இல் ஆர்டுயினோவின் சொல்லப்படாத வரலாறு என்ற தலைப்பில் நீண்ட விளக்கம் ஒன்றை வெளியிட்டார். புதிய அணியிற் சேருமாறு தனக்கு அழைப்பு வரவில்லை என்பதும், தன் ஆய்வின் பங்கு உரிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை என்பதும் அவரது ஆதங்கம். ஆர்டுயினோ அணியினர் வயரிங்கின் பெயரை முற்றாக மறைத்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தம் பலகை அதனை அடிப்படையாகக் கொண்டது என்று எழுதியே வைத்திருந்தார்கள். வயரிங்கும் திறந்த உரிமத்தில் வெளிவந்ததே. எனவே சட்டப்படி குற்றம் இல்லை.

ஆயினும் பத்திரிகைக் கந்தோரில் காலம் கழித்த எனக்கு இந்த வழக்கு மிகவும் பழக்கமானது. ஊர் நிருபர் அலைந்து திரட்டிய செய்தியைத் தலைநகரில் ஒருவர் செப்பனிடுவார். காலையில் செப்பனிட்டவரின் பெயரோடு அது அச்சில் வரும். செப்பனிட்டவரின் உழைப்பும் பொய்யல்ல. அது இல்லாவிடில் செய்தி வாசகனைச் சென்றடையாமலே போயிருக்கலாம். விலையைக் குறைத்ததும், உற்பத்தியை ஒழுங்குபடுத்தியதும், உலகெங்கும் ஆசிரியர்களைத் திரட்டியதும் பன்சி அணியினரின் சாதனைதான். ஆனால் பெயர் ஒன்றாக இருந்திருக்கக்கூடாது, இரண்டாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

தமக்கென வைத்துக்கொண்ட அந்தப் பெயரே பின்னர் அவர்களையும் பிரித்தது. மார்த்தினோ தரப்பு இத்தாலியில் அதைத் தன் வர்த்தக முத்திரையாகப் பதிந்துகொண்டிருந்ததால், 2015இல் விவகாரம் அமெரிக்க நீதிமன்றம்வரை சென்று, 2016 ஒக்டோபரில் சமாதானத்தில் முடிந்தது. 2025 ஒக்டோபரில் குவால்கொம் என்ற பெரிய சில்லு நிறுவனம் ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது.

ஆர்டுயினோவின் மூலநிரல் இப்போதும் யாரும் பார்க்கக்கூடியவாறு திறந்தே கிடக்கிறது. ஏ.வி.ஆர். பலகைகளுக்கான தொகுதியில், விளக்கை ஏற்றி அணைக்கும் கட்டளை எழுதப்பட்டிருக்கும் கோப்பின் பெயர் 'வயரிங் டிஜிற்றல்'. உணரியிலிருந்து அளவெடுக்கும் கோப்பு 'வயரிங் அனலொக்'. நேரத்தைக் கணக்கிடும் கோப்பு வெறும் 'வயரிங்'. விளக்கைக் கண்சிமிட்ட வைக்கும் மாணவன் இந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கவேண்டிய தேவை ஏற்படுவதில்லை.