ஒரு நோக்கில் எண்ணறிதல்

பொருட்டொகுதி ஒன்றைக் கண்டவுடன் அதன் எண்ணை அறிதல் வேறு. ஒவ்வொன்றாக எண்ணி அறிதல் வேறு. இவ்விரண்டினையும் பிரித்துக் காட்டுவது காலமே. இவ்வுண்மை அறிஞர்க்குப் புலனாகிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மகாபாரதத்து வனபருவத்தில் வரும் நளன் கதையை யாவரும் அறிவர். தேரிற் செல்லும் இருதுபன்னன், வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் நோக்கிய அளவிலே தொகை கூறினான். நளனோ தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்த்தே தெளிந்தான். பொழுது போகின்றதே என்று அரசன் கவன்றான். நோக்குதற்குக் கணம் போதும். எண்ணுதற்குப் பொழுது வேண்டும். ஆயின் மானிடக் கண்ணுக்கு அம்மன்னனது ஆற்றல் எத்துணை உண்டு?

1871ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜெவன்ஸ் என்பார் தம்மிடத்தே இதனைச் சோதித்தார். கரிய தட்டின் நடுவே வெண்ணிறப் பெட்டியொன்றை வைத்து, ஒருபிடி கரிய அவரை விதைகளை எறிவார். உள்ளே வீழ்ந்தவை அசைவற்ற அக்கணமே தொகையைத் துணிந்து கூறிப் பின்னர் எண்ணிச் சரிபார்ப்பார். இவ்வாறு 1027 முறை செய்தார். மூன்றும் நான்கும் ஒருமுறையேனும் பிழைக்கவில்லை. ஐந்தோ 107 முறையில் 5 முறை பிழைத்தது. தொகை ஏறப் பிழையும் ஏறிற்று.

1949இல் அமெரிக்க உளநூலார் நால்வர், புள்ளிகளைச் செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரமே காட்டினர். ஐந்தாறு வரை விடை பெரும்பாலும் வழுவவில்லை. அதற்கு மேல் உத்தேச மதிப்பாயிற்று. பின்வந்த அளவீடுகளின்படி, நான்கு வரை ஒரு பொருள் கூடுவதால் விடை தாமதிப்பது செக்கனிற் பத்திலொரு பங்குக்கு மேற்படாது. அதன்பின் ஒவ்வொன்றும் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வேண்டும்.

நேரத்தை நீட்டினால் மட்டும் போதுமோ? 1976இல் அற்கின்சன் முதலியோர், கடும் ஒளி வீச்சினாற் கண்ணிற் பதியும் பின்தோற்றத்தைக்கொண்டு இதனை ஆராய்ந்தனர். அவ்வுரு பல செக்கன் நிலைக்கும். ஆயினும் கண் அசையுந்தோறும் உடனசைதலால், பார்வையை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நகர்த்தி எண்ணுதல் இயலாது. நேரம் இருந்தும் நான்கின் மேற் பிழை நேர்ந்தது. ஆகவே நேரமும் வேண்டும். அந்நேரத்திற் கண் உலாவவும் வேண்டும்.

கல்முனைக்குடியிற் சிறுவர்க்குக் கணிதம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், ஏழு புள்ளியிட்ட அட்டையைக் காட்டி உடனே மறைத்து, விடை கூறாத சிறுவனை மந்தனென்று கடிந்திருக்கின்றேன். அவனிடத்திற் குறையில்லை, யான் கொடுத்த நேரமே குறைவு. மூன்று புள்ளிக்கு ஒரு நோக்கு அமையும். ஏழுக்கோ, நளனைப் போல் தேரை நிறுத்தல் வேண்டும். ஆசிரியர் அட்டையைச் சற்றுப் பொறுத்து மடக்குவாராக.