வரிசையில் சிக்கிய பணம்

"பிட்காயின் அனுப்பிட்டேன், ஆனா போய்ச் சேரல" என்று நண்பர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். முக்கால்வாசி நேரம் பணம் எங்கும் போயிருக்காது. வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

2009 ஜனவரியில் பிட்காயினை உருவாக்கிய சாட்டோஷி நகமோட்டோ முதல் பிட்காயின் மென்பொருளை வெளியிட்டபோது கூட்டமே இல்லை. கட்டணமின்றியே பரிமாற்றம் நடந்தது. 2010-இல், பரிமாற்றங்களைத் தொகுத்துப் பதியும் ஒரு பிளாக்குக்கு 1 எம்பி என அவர் வரம்பு வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பிளாக். அதில் இடம்பிடிக்கக் கட்டணப் போட்டி பின்னால்தான் மூண்டது. 2017 டிசம்பரில் குறைந்த கட்டணம் வைத்தவர்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

காசை அனுப்பும் பழைய டெஸ்க்டாப் வாலட் மென்பொருளோ பிடிவாதக்காரன். சிக்கிய பரிமாற்றத்தையே திரும்பத் திரும்ப வலையில் அறிவிக்கும். அந்தக் காசை வேறெதற்கும் தராது. 2014-இல் வந்த 'ஜாப்வாலட்டிஎக்ஸஸ்' கட்டளை வாலட்டின் பரிமாற்றப் பதிவுகளை அழித்து, பிளாக்செயினை மறுபடி படிக்க வைத்தது. முரட்டு வைத்தியம்! 2016 பிப்ரவரியில் அந்த வாலட்டின் புதிய பதிப்பான பிட்காயின் கோர் 0.12, சிக்கிய பரிமாற்றத்தை விட்டுவிடும் 'கைவிடு' வசதியைத் தந்தது. கூடுதல் கட்டணத்தோடு மாற்றுப் பரிமாற்றம் அனுப்பினால் ஏற்கும் வழியும் அதோடு வந்தது. அடுத்த ஆண்டு 0.15-இல் கட்டணத்தை உயர்த்தும் வசதி திரையிலேயே கிடைத்தது. அதன் பிறகு என் வாசலில் கூட்டம் குறைந்துவிட்டது.