பதக்கமா, சுவையா?

அலுவிகாரையில் பஸ்ஸுக்கு நிற்கையில் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். மசாலாக் கடை வைத்திருக்கும் அண்ணா ஒருவர் வியாபார விருதுக்குக் காசு கட்டப் போறாராம். கட்டலாமா?

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கை தனி மண்டபமே கட்டியது. வந்தவர்கள் தேநீரைக் குடித்துப் பார்த்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேல் தேயிலைப் பொட்டலங்கள் விற்றன. செலவு வீண்போகவில்லை. ஆனால் சந்தையைப் பிடித்தது பதக்கம் இல்லை, சுவை.

லாபம் யாருக்கு? மன்னாரில் இறங்கி, இதே வீதியால் மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் முன்னோர் பறித்த கொழுந்து அது. பேர் துரைமாருக்கு, அவர்களுக்கு நாட்கூலி.

அண்ணாவுக்கு எங்கள் பதில்: வாங்குவோர் வந்து ருசி பார்க்கும் இடமென்றால் கட்டுங்க. வெறும் கேடயமும் போட்டோவும்தான் என்றால், அந்தக் காசைக் கடையில் மிளகு இடிக்கும் அக்காமாருக்குக் கொடுங்க.