வீட்டில் காய்கனிச் சேமிப்பு

பறித்த பிறகும் காய்கனிகள் உயிரோடுதான் இருக்கின்றன. தம்மிடமுள்ள சர்க்கரையைச் செலவழித்துச் சுவாசிக்கின்றன. வேர் தந்த நீர் நின்றுவிட்டதால் ஈரத்தையும் இழக்கின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகும். ஆகவே குளிர் கெடுதலைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. வாங்கியதையெல்லாம் ஃபிரிட்ஜில் அடைப்பதே சேமிப்பு என்பதுதான் தவறு. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் போன்ற குளிர்ப்பகுதிப் பயிர்கள் உறைநிலையை ஒட்டிய குளிரையும் தாங்கும். வெப்பநாட்டுப் பயிர்களான வாழை, மா, தக்காளி, கத்தரி, வெண்டை, சர்க்கரைவள்ளி தாங்கா. வாழைக்கு 13 பாகையே எல்லை. அதற்குக் கீழே தோல் கறுக்கும், காய் சரியாகப் பழுக்காது. வீட்டு ஃபிரிட்ஜோ 4 பாகையை ஒட்டி இயங்குகிறது. அங்கே நாள்பட வைத்த கத்தரியில் குழிவிழுந்து விதைப்பகுதி பழுப்பாவது முதலில் குளிர் செய்த காயம். பூஞ்சை பின்னால் வருகிறது.

சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் தக்காளி அழுகிவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் குளிர்க்காயம் வெப்பநிலையை மட்டுமல்ல, நாட்களையும் பொறுத்தது. பழுத்த கனியைவிடக் காயையே அதிகம் தாக்கும். எனவே தக்காளியையும் மாங்காயையும் வெளியே பழுக்கவிட்டு, பழுத்தபின் சில நாட்களுக்குக் குளிரில் வைக்கலாம். கத்தரி, வெண்டையை இரண்டொரு நாளுக்குள் சமைப்பதானால் ஃபிரிட்ஜ் பெரிய கேடு செய்யாது. உருளைக்கிழங்குக்கு இந்தச் சலுகை இல்லை. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வறுக்கும்போது கருகுவதோடு, அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளும் கூடுதலாக உருவாகும். வெளிச்சம் பட்டால் பச்சையேறி, சோலனைன் என்ற நச்சு பெருகும். இருட்டும் காற்றோட்டமும் உள்ள மூலையே அதற்கு ஏற்றது. வெங்காயத்துக்கும் காற்றோட்டம் வேண்டும், ஆனால் ஈரம் ஆகாது. இரண்டையும் ஒரே கூடையில் கொட்டுவது சரியல்ல.

குளிர் சரியாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பது கெடுக்கக்கூடும். பழுக்கும் வாழை, மா, பப்பாளி, ஆப்பிள் ஆகியவை எத்திலீன் வாயுவை வெளியிடும். அருகிலுள்ள கீரை மஞ்சளாகும், வெள்ளரி விரைவில் கெடும். திராட்சை, மாதுளை, எலுமிச்சை பறித்தபின் பழுப்பதில்லை. அவை பழுக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கொத்தமல்லிக்கும் கீரைக்கும் எதிரி நீரிழப்பு. மேல் ஈரம் இல்லாத இலைகளைத் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் வாடல் குறையும். கழுவிய ஈரத்தோடு வைத்தால் அழுகும். ஃபிரிட்ஜுக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஈரமணலும் மண்பானையும் ஆவியாதலால் குளிர்விப்பவை. வறண்ட உள்மாவட்டங்களில் பயன்தரும், கடற்கரைப் புழுக்கத்தில் அவ்வளவாக உதவா. இவ்வளவு பாகுபாடும் முழுக் காய்கனிக்கு மட்டுமே. நறுக்கியது எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.